தீவு நகரில் இத்தாலிய உணவு

பிழைப்பின் பொருட்டோ பணியின் பொருட்டோ தாயகம் விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு, வெளியே சென்று உணவருந்துவது சிறிய செய்தியன்று. புதிய ஊருக்கு வந்த முதல் மாதத்தில் நாம் தேடுவது இட்டிலியும் சாம்பாரும் கிடைக்கும் இடத்தை. அது கிடைத்துவிட்டால் ஊர் பாதி பழகிவிட்டது என்று மனம் ஆறுகிறது. பின்னர் ஆண்டுகள் சில செல்கின்றன. பிள்ளைகள் அவ்வூர்ப் பள்ளியிற் படித்து, அவ்வூர் நண்பர்களோடு வளர்கின்றனர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் "பீட்சா சாப்பிடப் போகலாம்" என்கின்றனர். தந்தை மனத்துள் கணக்குப் போடுகிறார். "அதில் என்னென்ன கலந்திருப்பார்களோ" என்று பாட்டி ஐயுறுகிறார். தாய் இருதரப்பையும் சமாதானம் செய்கிறார். தில்லியிலும் புனேயிலும் நிகழும் இவ்வழக்கு இன்று அந்தமானிலும் நிகழ்கின்றது.

இவ்வழக்குக்குத் தீர்ப்புச் சொல்வது நமது நோக்கமன்று. இத்தாலிய உணவு என்பது யாது, அதை ஒரு சிறு நகரில் எவ்வாறு தெரிந்து உண்பது, அதிலிருந்து நமது சமையலுக்குக் கிடைக்கும் பாடம் என்ன என்பவற்றைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். இதற்கு அந்தமான் தலைநகரை எடுத்துக்காட்டாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. பெருநகரில் உணவுப் பொருள் எங்கிருந்து வந்தது, எத்தனை நாள் பயணம் செய்தது என்பவை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தீவிலோ, ஒவ்வொரு பொருளும் கப்பலில் வந்ததா, மண்ணில் விளைந்ததா, கடலிற் பிடித்ததா என்பதைத் தட்டே சொல்லிவிடும்.

போர்ட் பிளேயர் என்று நாம் நெடுங்காலமாக அறிந்த அந்நகருக்கு, 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஸ்ரீ விஜயபுரம் என்ற பெயரை மத்திய அரசு அறிவித்தது. சென்னையிலிருந்து கடல்வழி ஏறத்தாழ 1,190 கிலோமீட்டர். விமானம் இரண்டேகால் மணி நேர அளவிற் சேர்த்துவிடும். பயணிகள் கப்பலுக்கோ மூன்று நாள் அளவு வேண்டும். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தீவுகளின் மக்கள் தொகை ஏறக்குறைய 3,80,000. அதில் ஒரு லட்சம் பேர் அளவினர் தலைநகரில் வாழ்ந்தனர். நூற்றுக்கு 28 பேர் வங்காளமும், 19 பேர் இந்தியும், 15 பேர் தமிழும், 13 பேர் தெலுங்கும் தாய்மொழியாகக் கொண்டவர்கள். கூலிக்கும் வணிகத்துக்கும் அரசுப் பணிக்கும் சென்ற தமிழரேயன்றி, 1964-ஆம் ஆண்டு இலங்கையோடு செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாகத் தாயகம் திரும்பிய தமிழர் சிலரும் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டங்களிற் குடியமர்த்தப்பட்டனர். ஆகவே அபர்டீன் கடைவீதியில் தமிழ் ஒலிப்பதும், இட்டிலியும் தோசையும் வடையும் கிடைப்பதும் அங்கு புதுமையல்ல.

அத்தகைய நகரிலே இத்தாலிய உணவு எவ்வாறு இடம் பெற்றது? சுற்றுலாவின் வழியாகத்தான். இத்தாலிய உணவுக்கென்றே அமைந்த பெரிய உணவகங்கள் நிறைந்த ஊரன்று அது. தங்கும் விடுதிகளின் உணவுக்கூடங்களிலும், ரொட்டிக் கடையை ஒட்டிய சிற்றுண்டிச்சாலைகளிலும், உணவுப் பட்டியலின் ஒரு பக்கத்தில் பீட்சா, பாஸ்தா என்னும் தலைப்புகள் காணப்படும். ஹேவ்லாக் என்று வழங்கி, 2018-ஆம் ஆண்டு முதல் ஸ்வராஜ் தீவு எனப் பெயர் பெற்ற தீவில், கடலுள் மூழ்கிப் பவளப்பாறை காண வரும் பயணிகளுக்காக இவ்வகை உணவுகள் மிகுதியும் ஆக்கப்படுகின்றன. பயணிகளுக்காக வந்த உணவை உள்ளூர்ப் பிள்ளைகளும் விரும்பத் தொடங்கினர். சிறு நகரங்களில் அயல் உணவு வேரூன்றுவது பெரும்பாலும் இவ்வாறே.

இத்தாலியருக்கும் இக்கடலுக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. புதுச்சேரியை அடுத்த அரிக்கமேட்டில், 1945-ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் தொடங்கிய அகழாய்வும் அதன் பின்னர் நிகழ்ந்தவையும், ரோமானியர் காலத்து மதுச்சாடிகளின் உடைசல்களை வெளிப்படுத்தின. ஆலிவ் எண்ணெயும், மீனை உப்பிலிட்டு ஊறவைத்து வடித்த ஒருவகைச் சாறும் வந்த சாடிகளும் அவற்றுள் இருந்தன. மிளகை ஏற்றிச் செல்ல வந்த கப்பல்கள் தம் நாட்டுச் சமையலறையையும் சிறிது சுமந்து வந்தன. வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, 1298-ஆம் ஆண்டளவில் எழுதுவித்த பயண நூலில் அந்தமானையும் நிக்கோபாரையும் குறிப்பிடுகிறார். அந்தமான் மக்களுக்கு நாய்த்தலை என்று அவர் சொன்னது கேள்விக் கதையேயன்றி வேறன்று. அவருக்கு இரண்டரை நூற்றாண்டுக்கு முன்னரே சோழர் கல்வெட்டு நிக்கோபாரை நக்கவாரம் என்று பெயர் சொல்லிக் குறித்துவிட்டது. 1860-களில் நிக்கோபார்த் தீவுகளை டென்மார்க்கிடமிருந்து விலைக்கு வாங்கிக்கொள்ள இத்தாலிய அரசு முயன்றதும் உண்டு. அது கைகூடவில்லை, 1868-இல் டென்மார்க் தன் உரிமையைப் பிரிட்டனுக்கு விற்றுவிட்டது. இத்தாலியக் கொடி பறக்காத தீவில் இத்தாலியப் பண்டம் வந்து சேர்ந்திருக்கிறது.

இனி, இத்தாலிய உணவு என்பது யாது? நம்மிடம் செட்டிநாட்டுச் சமையல், கொங்குச் சமையல், நாஞ்சில் நாட்டுச் சமையல், தஞ்சைச் சமையல் என்று பல இருப்பதுபோல, அங்கும் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஒரு சமையல் உண்டு. இத்தாலி ஒரே அரசாக அமைந்ததே 1861-இல்தான். பல வட்டாரங்களின் சமையலைத் தொகுத்துப் பெல்லெக்ரீனோ அர்த்தூசி என்பவர் 1891-இல் வெளியிட்ட நூல்தான், இத்தாலியச் சமையல் என்ற பொது எண்ணத்தை நடுத்தர வீடுகளிற் பரப்பியது. வடக்கே போ ஆற்றுச் சமவெளியில் நெல் விளைகிறது. அங்கு அரிசியை வெண்ணெயில் வதக்கி, கொதிசாற்றைச் சிறிது சிறிதாக ஊற்றிக் குழையக் கிளறும் ரிஸோட்டோவை உண்பர். அது நம் பொங்கலுக்குத் தூரத்து உறவு. மக்காச்சோள மாவைக் கிண்டிய பொலெந்தா நமது களியே. தெற்கே கோதுமையும் ஆலிவ் எண்ணெயும் தக்காளியும் மீனும் ஆட்சி செய்கின்றன. அந்தத் தக்காளியும் அந்நாட்டுக்கு உரியதன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 16-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு வந்தது. நேப்பிள்ஸ் நகரில் அச்சான ஒரு சமையல் நூலில் தக்காளிக் குழம்பு இடம்பெற 1690-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நமது மிளகாயும் அதே அமெரிக்காவிலிருந்து போர்ச்சுகீசியர் காலத்தில் வந்ததுதானே! நாம் தொன்மையென்று போற்றும் சமையல் பலவற்றிலும் கப்பலேறி வந்த பொருள் ஒன்று உட்கார்ந்திருக்கிறது.

பாஸ்தாவின் வரலாறு இதனினும் சுவையானது. அதைச் சீனத்திலிருந்து மார்க்கோ போலோ கொண்டு வந்தார் என்பது பரவலாக வழங்கும் கதை; உண்மையன்று. அவர் ஊர் திரும்பியது 1295-இல். 1279-ஆம் ஆண்டு ஜெனோவா நகரில் எழுதப்பட்ட உடைமைப் பட்டியல் ஒன்றிலேயே ஒரு கூடை மக்ரோனி குறிக்கப்பட்டிருக்கிறது. அதற்கும் முன்னர், 1154-இல், சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜரின் அவையிலிருந்த அரபுப் புவியியலறிஞர் அல் இத்ரீசி, பலெர்மோவை அடுத்த திராபியா என்னும் ஊரில் மாவு இழைகள் மிகுதியாகச் செய்யப்பட்டுக் கப்பல்களில் பல நாடுகளுக்கு ஏற்றப்பட்டதை எழுதியிருக்கிறார். கடின கோதுமையின் ரவையை நீர்விட்டுப் பிசைந்து, இழையாகவோ குழலாகவோ இழுத்து, ஈரமறக் காயவைத்தால் அது மாதக்கணக்கிற் கெடாது. நம் வீட்டுச் சேமியாவையும் வற்றலையும் போலத்தான். ஆக, உலர்ந்த பாஸ்தா என்பது கடற்பயணத்துக்கு ஏற்ற உணவு. தீவுக்கு அது பொருந்துவதில் வியப்பில்லை.

பீட்சா நேப்பிள்ஸ் நகரத் தெருவில் ஏழை உழைப்பாளிகள் உண்ட பண்டம். நொதித்த மாவைக் கையால் தட்டி, மேலே தக்காளியும் எண்ணெயும் இட்டு, விறகடுப்பிற் சுடுவது. அடுப்பின் சூடு 430 பாகை செல்சியஸுக்கும் மேல். வேகும் நேரம் ஒன்று முதல் ஒன்றரை நிமிடம். இக்கைத்தொழிலை 2017-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றுப் பட்டியலிற் சேர்த்தது. சிறு உணவகங்களில் உள்ள மின் அடுப்போ எரிவாயு அடுப்போ அவ்வளவு சூட்டை எட்டுவதில்லை. அந்தமானிலோ மின்சாரத்தின் பெரும்பகுதி, கப்பலில் வரும் டீசலை எரித்தே ஆக்கப்படுகிறது. சூடு குறைந்தால் நேரம் கூடும். நேரம் கூடினால் மாவின் ஈரம் வற்றும். தடித்த அடிப்பாகம் கொண்ட பீட்சா வெளியே முறுகி உள்ளே பிசுபிசுப்பது இதனால்தான். ஆதலின் சிறு நகர அடுப்பில் மெல்லிய அடிப்பாகம் உள்ளதைக் கேட்பதே தக்கது.

இப்போது தீவின் சமையலறைக்குள் நுழைவோம். அங்குள்ள பொருள்களை மூன்று கூறாகப் பிரிக்கலாம். முதற்கூறு, கடற்பயணத்தாற் கெடாதவை: உலர்ந்த பாஸ்தா, மைதா, தகரத்தில் அடைத்த தக்காளி, ஆலிவ் எண்ணெய், பூண்டு, மிளகாய் வற்றல், நெடுநாள் பதப்படுத்திய கெட்டியான பாலாடைக்கட்டி. இரண்டாவது கூறு, பயணத்தால் நலியும் பொருள்கள்: பால், பாலேடு, இளம் பாலாடைக்கட்டி, மென்மையான இலைக்காய்கறிகள். தீவுகளிற் கறக்கும் பால் அங்குள்ளோர் தேவைக்குப் போதாமையால் பால்மாவும் உறையில் அடைத்த பாலும் வந்து சேர்கின்றன. எருமைப்பாலில் செய்யும் மொஸரெல்லா என்னும் இளங்கட்டி, செய்த சில நாட்களுக்குள் உண்ணத்தக்கது. அது குளிர்பதனப் பெட்டியில் கடல் கடந்து, துறைமுகத்திற் காத்திருந்து, கடைக்கு வரும்போது விலை ஏறியும் சுவை இறங்கியும் இருக்கும். பருவமழைக் காலத்தில் கடல் கொந்தளித்துக் கப்பல் தாமதமாயின், இந்த இரண்டாவது கூறே முதலிற் பாதிக்கப்படும்.

மூன்றாவது கூறு தீவே தருவது. மஞ்சள் துடுப்புச் சூரை, வஞ்சிரம், களவாய், இறால், நண்டு, கணவாய், நெத்திலி ஆகியவை அங்குள்ள கடலின் செல்வம். தென்னை, வாழை, அன்னாசி, மிளகு, கீரை ஆகியவை மண்ணின் செல்வம். நீல் தீவு என்று வழங்கி இப்போது ஷஹீத் தீவு எனப் பெயர் கொண்ட சிறு தீவு, தலைநகருக்குக் காய்கறி அனுப்புவதிற் பெயர் பெற்றது. இத்தாலியர் தக்காளியோடு சேர்க்கும் பேசில் என்னும் இலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அது வேற்றுச் செடியன்று. நமது திருநீற்றுப்பச்சையின் இனமே. நாம் குளிர்ச்சிக்கு ஊறவைத்து உண்ணும் சப்ஜா விதை அச்செடி தருவதே. கப்பலில் வந்தால் கருகிப் போகும் அவ்விலை, கொல்லைத் தொட்டியில் வளர்த்தால் தீவிலும் தழைக்கும்.

இம்மூன்று கூறுகளையும் மனத்திற் கொண்டு உணவுப் பட்டியலைப் படித்தால், எதைக் கேட்கலாம், எதை விடலாம் என்பது தானே விளங்கும். முதற்கூறும் மூன்றாவது கூறும் சேர்ந்த பண்டமே தீவிற் சிறந்த பண்டம். பூண்டையும் மிளகாய் வற்றலையும் ஆலிவ் எண்ணெயில் வதக்கி, வெந்த பாஸ்தாவை அதிற் புரட்டி, இறாலோ கணவாயோ சேர்த்துத் தருமாறு கேட்கலாம். சிசிலியும் சார்தீனியாவும் தீவுகளே. அங்குள்ள மீனவர் வீட்டுச் சமையலும் இதுவே. நமது நெத்திலியின் இனத்தை அவர்கள் உப்பிலிட்டு வைத்துக் குழம்பிலும் பீட்சாவிலும் சேர்க்கின்றனர். மீன்சினையை உப்பிட்டு உலர்த்தித் துருவித் தூவும் வழக்கமும் அவர்களிடம் உண்டு. கருவாட்டின் அருமை அறிந்த தமிழர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேலும், மீன் சேர்ந்த பாஸ்தாவில் பாலாடைக்கட்டி தூவலாகாது என்பது அந்நாட்டில் வழிவழி வந்த மரபு. தீவில் அருமையாகக் கிடைக்கும் பொருளை வேண்டாவென்று அம்மரபே விலக்கிவிடுவது நமக்கு எத்துணை வசதி!

மரக்கறி உண்போர் தமக்கு அங்கு இடமில்லை என்று எண்ண வேண்டியதில்லை. மாரினாரா என்னும் பீட்சா கடலோடிகளின் பெயரால் அமைந்தது, அதிலே தக்காளி, பூண்டு, எண்ணெய், ஓமத்தை ஒத்த வாசமுடைய ஓர் உலர் இலை ஆகிய இவ்வளவே உண்டு, பாலாடைக்கட்டி இல்லை. கொண்டைக்கடலையோடு சேர்த்துச் சமைத்த பாஸ்தா உண்டு. பல காய்களையும் பயற்றையும் இட்டு வேகவைத்த மினெஸ்ட்ரோனே என்னும் சாறு உண்டு. அது நம் கூட்டைச் சற்று நீர்க்கச் செய்தது போன்றது. ஜெனோவா நகரத்தார் கொண்டைக்கடலை மாவைக் கரைத்து ஊற்றிச் சுடும் ஃபரினாத்தா நமது கடலைமாவு அடைக்கு உடன்பிறப்பு. இவை எல்லா உணவகத்திலும் இரா. ஆயினும் பூண்டும் எண்ணெயும் சேர்ந்த பாஸ்தாவும் தக்காளிப் பாஸ்தாவும் எங்கும் ஆக்கித் தரக் கூடியவை.

ஆயினும் மரக்கறி உண்போர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. பார்மீஜானோ எனப்படும் புகழ்பெற்ற கெட்டிப் பாலாடைக்கட்டியை உறைய வைப்பதற்கு, கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளைச் சேர்ப்பது அந்நாட்டு விதி. இந்தியாவில் செய்யப்படும் பாலாடைக்கட்டிகள் பெரும்பாலும் நுண்ணுயிர்களிலிருந்து பெற்ற உறைபொருளாற் செய்யப்படுபவை. உறையின் மேலுள்ள பச்சைப் புள்ளி அதற்கு அடையாளம். குழம்பில் நெத்திலி அரைத்துச் சேர்த்ததா, சாற்றின் அடியில் இறைச்சிக் கொதிநீர் உள்ளதா, திராமிசு என்னும் இனிப்பில் முட்டை உண்டா என்றும் கேட்கலாம். இவ்வாறு கேட்பது நாகரிகக் குறைவன்று. உண்பவர் கேட்பதும் ஆக்குபவர் சொல்வதும் நல்ல உணவகத்தின் இலக்கணம்.

பட்டியலில் வெள்ளைக் குழம்புப் பாஸ்தா என்றிருப்பது நம் நாட்டுச் சிறு நகரங்களில் மிகவும் பரவியது. மைதாவை வெண்ணெயில் வறுத்துப் பாலூற்றிக் காய்ச்சிய குழம்பில் பாஸ்தாவை மூழ்கவிட்டு, மேலே பாலாடைக்கட்டியைக் கொட்டித் தருவது அது. பிள்ளைகள் விரும்புவர், வயிறு நிறையும், ஆனால் தீவிலே அது முழுவதும் இரண்டாவது கூற்றைச் சார்ந்த பண்டம். விலையும் மிகும், பாரமும் மிகும். இத்தாலியரோ பாஸ்தாவைக் குழம்பில் மூழ்கவிடுவதில்லை. சோற்றில் நெய் படர்வதுபோலக் குழம்பு இழைகளிற் படர வேண்டும் என்பர். பாஸ்தா வெந்த நீரைக் கொட்டிவிடாமல் ஒரு கரண்டி எடுத்துக் குழம்பிற் சேர்ப்பர். அதிலுள்ள கஞ்சிப்பசை எண்ணெயையும் நீரையும் ஒன்றாகப் பிணைக்கும். வடிகஞ்சியின் பயனை அறிந்த நம் தாய்மாருக்கு இந்நுட்பம் உடனே விளங்கும். பாலேடு இன்றியே குழம்பு வழவழப்பாவது இதனால்தான்.

சமைத்தவர் கைத்திறத்தை அறிய ஒரு சோதனை உண்டு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் பழமொழி. இத்தாலியரும் ஓர் இழையை எடுத்துக் கடித்துப் பார்ப்பர். அவர்கள் சொல்லும் அல் டென்டே என்பதற்குப் பல்லுக்கு ஏற்றது என்று பொருள் கொள்ளலாம். வெளியே மெத்தென்றும், நடுவே பல்லிற்குச் சிறிது உறுதி தருவதாயும் இருக்க வேண்டும். குழைந்து கூழானாலும் குற்றம். மாவுச்சுவை நின்றாலும் குற்றம். பீட்சாவுக்குச் சோதனை அதன் அடிப்பக்கம். துண்டைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ஆங்காங்கே கரும்புள்ளிகள் இருக்க வேண்டும்; வெளுத்து ஈரமாயிருந்தால் அடுப்பு சூடேறுமுன் வைத்துவிட்டனர் என்பது பொருள்.

செலவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாதச் சம்பளக்காரருக்கு அதுவே முதற்கேள்வி. இத்தாலிய முறைப்படி முன்னுணவு, பாஸ்தா அல்லது அரிசி, பிறகு மீனோ இறைச்சியோ, இறுதியில் இனிப்பு என்று வரிசை உண்டு. அவ்வரிசை முழுவதையும் ஒருவர் உண்ண வேண்டுமென்ற கட்டாயம் இல்லை. நால்வர் உள்ள குடும்பம் ஒரு பீட்சாவும் இரண்டு பாஸ்தாவும் ஒரு காய்கறித் தட்டும் வாங்கிப் பகிர்ந்து உண்டாற் போதும். பகிர்ந்துண்பது நம் மரபே. அன்றைய மீன் யாது என்று பரிமாறுபவரிடம் கேட்டு, அதற்கேற்பச் சொல்வது சுவைக்கும் நல்லது, பணப்பைக்கும் நல்லது. பற்றுச்சீட்டில் சேவைக் கட்டணம் என்று தாமாகவே ஒரு தொகையைச் சேர்த்தல் ஆகாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் நெறிமுறை வகுத்திருக்கிறது; அது கொடுப்பவர் விருப்பம். அரசுக்குச் சேரும் வரி வேறு, அக்கட்டணம் வேறு என்பதை அறிந்து சீட்டைப் படிக்க வேண்டும்.

உணவுக்குப் பின் இத்தாலியர் அருந்துவது எஸ்பிரெஸ்ஸோ காப்பி. 1884-இல் தூரின் நகரத்து ஆஞ்சலோ மோரியோந்தோ நீராவிக் காப்பிப் பொறிக்கு உரிமை பெற்றார்; 1901-இல் மிலான் நகரத்து லூயிஜி பெஸ்ஸெரா அதைத் திருத்தினார். சிறிய கிண்ணத்தில் வரும் அக்கசப்பைக் கண்டு நம்மவர் திகைப்பதுண்டு. ஆனால் ஒன்றை மறக்கலாகாது: இந்தியாவின் காப்பிக் கொட்டையை மிகுதியாக வாங்கும் நாடுகளுள் இத்தாலி தலைமையானது. சிக்கமகளூரிலும் குடகிலும் வயநாட்டிலும் விளைந்த கொட்டை, அவர்கள் பொறியில் வேறு பெயருடன் இறங்குகிறது. அது நம் வடிகட்டிக் காப்பியின் பங்காளி என்று எண்ணி அருந்தலாம்.

இவையெல்லாம் உண்பதைப் பற்றியவை. இவற்றினும் முக்கியமான செய்தி வேறொன்று உண்டு. 1880-க்கும் 1915-க்கும் இடையில் ஏறத்தாழ ஒரு கோடியே முப்பது லட்சம் இத்தாலியர் வறுமையின் காரணமாக நாட்டைவிட்டு வெளியேறினர். அமெரிக்க நகரங்களில் அவர்கள் வாழ்ந்த சந்துகளில் முதலில் மளிகைக் கடை வைத்தனர். பிறகு உணவகம் வைத்தனர். தாய்நாட்டிற் கிட்டாத இறைச்சி அங்கு மலிவாகக் கிடைத்தபோது, கோளா உருண்டைபோல் உருட்டிப் பாஸ்தாவின் மேலிட்டனர். தாய்நாட்டார் அதைத் தம் உணவென்று ஒப்புக்கொள்வதில்லை. ஆயினும் அவ்வாறு மாறி மாறிப் பரவியதால்தான் நேப்பிள்ஸ் தெருப்பண்டம் உலகறிந்த பண்டமாயிற்று. 2025-ஆம் ஆண்டு டிசம்பரில் தில்லியிற் கூடிய யுனெஸ்கோ குழு இத்தாலியச் சமையலை உலகப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏற்றது. நமது தீபாவளியும் அதே கூட்டத்தில் அப்பட்டியலில் இடம் பெற்றது. குடிபெயர்ந்தோர் கொண்டு சென்ற உணவு, மூலத்தை அழித்துவிடவில்லை. அதன் பெயரை நிலைநிறுத்தியது.

நமது நிலையும் இத்தகையதே அன்றோ? அந்தமானில் ஒரு தட்டு இட்டிலியை எடுத்துக்கொள்வோம். அரிசியின் பெரும்பகுதியும் உளுந்தும் துவரையும் புளியும் பெருங்காயமும் நாட்டிலிருந்து கப்பலேறி வந்தவை. தீவின் வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் மாவு விரைந்து புளிக்கும். ஊரிற் செய்ததுபோல் இரவு முழுதும் வைத்தால் கெட்டுவிடும். ஆகவே அங்கு வாழும் இல்லத்தரசி நேரத்தைக் குறைக்கிறார். தீவுத் தேங்காயிற் சட்டினி அரைக்கிறார். முருங்கையும் கீரையும் கொல்லையிற் பறிக்கிறார். சூரைமீனில் குழம்பு வைக்கிறார். பொருள் மாறுகிறது, அளவு மாறுகிறது, பதம் மாறுவதில்லை. அந்தப் பதமே சமையலின் உயிர். இத்தாலியர் ஓர் இழையைக் கடித்துப் பார்த்துக் காப்பாற்றுவதும், நம்மவர் மாவைத் தொட்டுப் பார்த்துக் காப்பாற்றுவதும் அதையே.

இதனை உணராதபோது இருவகைத் தவறு நேர்கிறது. ஒரு சாரார் அயல் உணவு வீட்டுக்குள் வந்தால் நம் உணவு போய்விடும் என்றஞ்சி, பிள்ளைகளைத் தடுத்துவிடுகின்றனர். தடுக்கப்பட்டது இனிக்கும்; வீட்டுச் சோறு கசக்கும். மற்றொரு சாரார் பட்டியலில் விலை மிகுந்தது எதுவோ அதுவே உயர்ந்தது என்றெண்ணி, பாலாடைக்கட்டியின் குவியலையே இத்தாலிய உணவென்று கொள்கின்றனர். முன்னவர் பிறர் சமையலை அறியார். பின்னவர் தம் சமையலையும் அறியார். உணவகத்துக்குச் செல்லும் பிள்ளையிடம் "இது எங்கே விளைந்தது, எப்படி வந்தது, ஏன் இப்படிச் சமைக்கிறார்கள்" என்று கேட்கப் பழக்கினால், அதே கேள்வியை அப்பிள்ளை வீட்டில் ரசத்தைப் பார்த்தும் கேட்கும். அக்கேள்விக்கு விடை சொல்லும் பாட்டியும் தாயும் வீட்டில் இருக்கும்வரை நம் சமையல் எந்த மாநிலத்திலும் அழியாது.

ஆகவே அந்தமானில் வாழ்வோரும், அங்கு விடுமுறைக்குச் செல்வோரும், வேறு எச்சிறு நகரத்தில் இருப்போரும் இவ்வளவை நினைவிற் கொண்டாற் போதும். அவ்வூர் எதைத் தருகிறதோ அதைச் சேர்த்துச் சமைத்த பண்டத்தைக் கேட்க வேண்டும். நெடுந்தொலைவு பயணம் செய்து களைத்துவந்த பொருளுக்கு மிகுந்த விலை கொடுக்க வேண்டியதில்லை. எளிய பண்டத்தை முதலில் உண்டு, அது நன்றாயிருந்தால் அடுத்த முறை மற்றொன்றைக் கேட்கலாம். வீடு திரும்பிய பின், உலர்ந்த பாஸ்தாவும் பூண்டும் மிளகாய் வற்றலும் கொண்டு அதே பண்டத்தை நம் அடுப்பிலேயே செய்து பார்க்கலாம். ஆலிவ் எண்ணெய் இல்லாவிடின் நல்லெண்ணெயிலும் செய்யலாம். அது இத்தாலிய உணவாகுமா என்று கேட்போரும் இருப்பர். ஊருக்கேற்ற எண்ணெயில் ஊருக்கேற்ற பொருளைப் பதமறிந்து சமைப்பது நேப்பிள்ஸ் நகரத்தாருக்கும் உடன்பாடான முறையே என்று அவர்களுக்குச் சொல்லலாம்.